நீரோட்டக்காரரைக் கூட்டி வரச் சொன்னார்கள்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஆட்டையாம்பட்டிக்குப் போய் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் மாமனார் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும்.

ஏற்றுவது, இறக்குவது. லோடு ஆட்டோ செய்கிற வேலை.

என் மனைவி மேகலா முந்தின நாளே பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் போன் செய்தாள்.

"ஏனுங்க, கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டேன்."

"அவரு பேரு பொன்னுசாமி. நீரோட்டம் பாக்கறவரு. மரியாதையாக் கூட்டிட்டு வாங்க."

"சரி."

"வாயத் தொறக்காதீங்க."

"நான் என்ன பேசப்போறேன்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் நீரோட்டம் பார்க்காமல் யாரும் போர் போடுவதில்லை. ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். இல்லையென்றால் படுத்தே கிடக்கும். வடக்கே பல மாநிலங்களுக்கு போர் போடும் ரிக் வண்டி அனுப்பும் முதலாளிகள்கூட, சொந்தத் தோட்டம் என்று வந்துவிட்டால் தேங்காய்க்காரருக்குத்தான் கார் அனுப்புகிறார்கள்.

மாமனார் தோட்டத்தில் ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்தது. மச்சினன் செந்தில் லாரி ஓட்டுகிறான்; அன்றைக்கு நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி கவிதா. ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கி, கட்டுத்தரை நிறைய மாடு சேர்த்தவள் அவள். இந்தக் கோடையில் மாடுகளுக்கு டிராக்டர் டேங்கில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"இந்தப் போரும் பொகைஞ்சா மாட்டையெல்லாம் சந்தைக்குப் புடிச்சு உட்டுட்டு மில்லுக்குப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தாள். பேச்சுக்குச் சொல்கிற பெண் இல்லை. மில்லில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில் என்னைப் போன்ற ஒருவனைத் தோட்டத்துக்குள் விட்டிருக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

போன வருடம் சேலத்தில் ஒரு வகுப்புக்குப் போனேன். மேடைகளில் வித்தை காட்டி ஓய்வு பெற்ற ஒருவர், சனிக்கிழமை தோறும் தன் வீட்டு மாடியில் நடத்தினார். ஏமாறாமல் இருப்பது எப்படி என்பது பாடம். காசை மறைப்பது, முடிச்சை அவிழ்ப்பது, அடுத்தவர் மனதைப் படிப்பதுபோல் நடிப்பது என்று எல்லாவற்றையும் செய்து காட்டி, பிறகு உடைத்துக் காட்டுவார். ஆடுகிற கையைப் பார்க்காதே, சும்மா இருக்கிற கையைப் பார் என்பார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.

அதன்பிறகு என்னோடு பழகுவது மற்றவர்களுக்குக் கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

கல்யாண வீட்டில் ஜாதகப் பொருத்தம் பற்றிப் பேசினேன். அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. மாரியம்மன் பண்டிகையில் குறி சொன்ன ஒரு பெண்ணிடம், அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பதை அவளுக்கே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்கு நாக்குல சனி இருக்குதுங்க சாமி" என்றாள். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தக்கூடிய வாக்கியம் என்று அவளிடமே சுட்டிக்காட்டினேன்.

நீரோட்டத் தேங்காயும் அந்த வகுப்பில் ஒரு பாடம். வீட்டில் பல நாள் பழகினேன். சட்னி தாமதமானதைத் தவிர வேறு தீங்கு நேரவில்லை.

ஆகவே ஆட்டையாம்பட்டிக்குப் போகும்போது என்னிடம் சொந்தமாக ஒரு திட்டம் இருந்தது. வாயைத் திறக்கமாட்டேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். அவருடைய கையைவிட்டுப் பார்வையை எடுக்கமாட்டேன்.

பொன்னுசாமி வீட்டு வாசலில் தயாராக நின்றார். நான் எதிர்பார்த்தது விபூதிப் பட்டை, ருத்திராட்சம், சிவந்த கண். வந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு போனுமாக, கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர்போல் இருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே இரண்டு தேங்காய்.

முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பையை மடியில் வைத்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். வலது கை பையின்மேல். இடது கை சும்மா இருந்தது. இடது கையைக் குறித்துக்கொண்டேன்.

வெண்ணந்தூர் வரைக்கும் நான் பேசவில்லை. இதை மேகலாவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெண்ணந்தூர் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"சார் படிச்சவருங்க. உங்களுக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இருக்காதுங்களே?"

நான் சிரித்தேன். சிரிப்பது பேச்சில் சேராது.

"நம்பக் கூடாதுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கே முழுசா நம்பிக்கை இல்லீங்க. தேங்காய்க்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு மரத்துல காச்சது."

ஒரு நீரோட்டக்காரர் இப்படிப் பேசுவார் என்று யார் நினைத்தது? எனக்கு அவர்மேல் சட்டென்று ஒரு மதிப்பு வந்துவிட்டது.

"நீங்களே சொல்றீங்களே" என்றேன்.

"உள்ளதச் சொல்லோணுமில்லீங்க. உங்களாட்டம் ஆளுக விஞ்ஞானமாப் பாப்பீங்க. நெலம் எப்படிச் சாயுது, பாறை எங்க கெடக்குதுன்னு. எனக்கு அது வராதுங்க. நீங்க பாத்தா எப்படிப் பாப்பீங்க சார்? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

ராசிபுரம் வருவதற்குள் அவருக்கு நான் நிலத்தடி நீர் பற்றி ஒரு முழு வகுப்பு எடுத்து முடித்திருந்தேன்.

எடுத்துக்காட்டு இல்லாமல் எதையும் விளக்க முடியாது. எடுத்துக்காட்டாக எனக்கு நன்றாகத் தெரிந்த நிலம் மாமனார் தோட்டம்தான். வடகிழக்கு மூலையில் ஒரு பழைய கிணறு இருந்தது, அதை மூடிவிட்டுத் தென்னை வைத்தார்கள் என்றேன். முதல் போரை மேற்கே பாறைமேல் போட்டார்கள். அங்கே வேண்டாம் என்று மாமனாரின் தம்பி தலையால் அடித்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை, அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இரண்டாவது போரைக் குச்சிக்கிழங்குக் காட்டின் மேட்டில் போட்டார்கள். ஆனால் நிலம் சாய்வது தெற்கே. தெற்கு வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. விஞ்ஞானமாகப் பார்த்தால் தெற்கு வேலி ஓரம்தான் என்றேன்.

"அடேங்கப்பா" என்றார். "ஓஹோ" என்றார். ஓரிடத்தில், "அந்தத் தம்பிக்காரரு சின்னவருங்களா, பெரியவருங்களா?" என்று கேட்டார்.

தம்பி என்றால் சின்னவர்தான் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். எளிமையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை நேரமும் அவருடைய இடது கையைக் கண்காணிப்பதை நான் நிறுத்தவில்லை. அது சும்மாவே இருந்தது.

தோட்டத்துக்குள் ரிக் வண்டி ஏற்கெனவே வந்து நின்றது. வேலையாட்கள் வண்டி நிழலில் படுத்திருந்தார்கள். ரிக் மேனேஜர் திருச்செங்கோட்டுக்காரர், போனில் பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார்.

மாமனார் ஓடிவந்து கார் கதவைத் திறந்தார். என் பக்கக் கதவை அல்ல.

"வாங்க சாமி, வாங்க. வழியெல்லாம் சௌகரியங்களா?"

"நல்ல மாப்பிள்ளைங்க உங்களுக்கு" என்றார் பொன்னுசாமி. "ஒரு வார்த்தை பேசல."

மேகலா என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததில்லை. அதில் பாராட்டு இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். நான் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னுசாமி செருப்பைக் கழற்றினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கண்ணை மூடி நின்றார். மாமனார், கவிதா, மேகலா மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். ரிக் மேனேஜர்கூடப் போனை இறக்கினார்.

"ஈசானிய மூலையில ஒரு பழைய கெணறு இருந்துச்சுங்களா?"

மாமனாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"இருந்துச்சுங்க. மூடிட்டோமுங்க."

"தென்னை வெச்சிருக்குது. மண்ணு சொல்லுது." மேற்கே திரும்பினார். "மேக்கால ஒரு போர் போட்டீங்க. போடாதேன்னு ஒருத்தரு சொன்னாரு. ரத்த சம்பந்தம். உங்களுக்குச் சின்னவரு."

மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எந்தம்பிங்க. அவன் பேச்சக் கேட்டிருக்கோணும்."

மேகலா என் காதருகே வந்தாள். "பாத்தீங்களா? இதுக்கு உங்க மாடி வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

மாடி வகுப்பில் இதற்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதிராளியைப் பேசவிட்டு, அவன் சொன்னதையே திருப்பிச் சொல்வது. மூன்றாவது சனிக்கிழமைப் பாடம். நன்றாகப் பதில் சொன்னதற்காக எனக்குத் தனியாகக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

நான் என்ன சொல்ல முடியும்? 'அவையெல்லாம் வழியில் நான் சொன்னவை' என்றால், 'வழியில் பேசினீர்களா' என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். என்னை ஊமையாக்கிவிட்டுத்தான் அந்த மனிதர் காரைவிட்டே இறங்கியிருக்கிறார்.

அதற்குள் பொன்னுசாமி தேங்காயைக் கையில் வைத்து நடக்கத் தொடங்கியிருந்தார். மேற்கே போனார், காய் படுத்திருந்தது. மேட்டில் ஏறினார், படுத்திருந்தது. தெற்கே திரும்பினார். வேலி ஓரத்துக்கு வந்ததும் தேங்காய் மெல்லக் குடுமியைத் தூக்கி எழுந்து நின்றது.

"இங்கதானுங்க. கங்கை ஓடுது."

என் விஞ்ஞானம் அப்படியே ஓர் அடி பிசகாமல் அங்கே நின்றது. மாமனார் கும்பிட்டார். கவிதா மட்டும் கும்பிடவில்லை. வானத்தைப் பார்த்தாள். பிறகு ரிக் மேனேஜரைப் பார்த்தாள்.

"இங்க முடியாதுங்க" என்றார் மேனேஜர். "மேல கரண்டுக் கம்பி போகுது பாருங்க. வண்டியோட மாஸ்ட்டைத் தூக்குனா நாம அத்தனை பேரும் மேல போயிருவோம்."

பாறை, சரிவு, பக்கத்துத் தோட்டம் என்று எல்லாவற்றையும் சொன்ன நான் தலைக்கு மேலே போகும் மின்கம்பியைச் சொல்ல மறந்திருந்தேன். தேங்காய்க்கும் அது தெரியாமல் போய்விட்டது.

பொன்னுசாமி கலங்கவே இல்லை. "அப்படீங்களா? சரி, ஓட்டம் எப்படியும் வளைஞ்சுதான் போகும். பாத்துரலாம்" என்று மறுபடியும் காயை எடுத்தார்.

இங்கேதான் என்னால் அடக்க முடியாமல் போனது.

"ஒரு நிமிசம்" என்றேன்.

"ஏனுங்க" என்றாள் மேகலா. அந்த ஒரு சொல்லில் எச்சரிக்கை, கெஞ்சல், வீட்டுக்குப் போனபின் நடக்கப்போவது எல்லாம் இருந்தன.

"இல்ல மாமா, தேங்காய் தண்ணிக்காக நிக்கறதில்ல. கையாலதான் நிக்குது. நான் காட்டறேன் பாருங்க."

பொன்னுசாமி தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் தேங்காயை என்னிடம் நீட்டினார்.

"தாராளமாக் காட்டுங்க சார்."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. எல்லோரையும் அந்த நிழலுக்கு அழைத்துப் போனேன். பாடம் நடத்தும்போது கேட்பவர்கள் வசதியாக இருக்க வேண்டும்.

"குடுமி விரல் பக்கம் இருக்கோணும். இப்படிப் படுக்கவைக்கறோம். விரலை நூலளவு தூக்கறோம். உள்ள இருக்கற தண்ணி பின்னால சாயும். காய் தன்னால அடியில உக்காந்து எந்திரிக்கும். கவனமாப் பாருங்க, விரல் அசையறதே தெரியாது."

நான்கு எட்டு நடந்தேன். விரலைத் தூக்கினேன். தேங்காய் எழுந்து நின்றது.

வீட்டில் பழகியபோதுகூட அவ்வளவு அழகாக நின்றதில்லை. குத்துவிளக்கு மாதிரி நின்றது.

ஒரு மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தோமுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்ன பாத்தீங்க?"

"காய் நின்னுச்சுங்க."

"விரலை அசைச்சேனே, அதைப் பாக்கலீங்களா?"

"விரல் எங்கீங்க அசைஞ்சுது?"

மேகலாவைப் பார்த்தேன். "நீ பாத்தியா?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். நான் பழகியது முழுக்க விரல் அசைவது தெரியாமல் இருப்பதற்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. தேர்ச்சி என்பது சில இடங்களில் ஆபத்து.

பொன்னுசாமி முன்னால் வந்தார். என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு டாக்டரின் முகம்.

"கார்ல ஏறுனப்பவே எனக்குச் சந்தேகமுங்க" என்றார் மாமனாரிடம். "இவரு பக்கத்துல உக்காந்ததுல இருந்து என் மடியில காய் நெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு. நமக்கெல்லாம் பழகிப் பழகி வாரதுங்க. சாருக்குப் பொறவியிலயே இருக்குது."

"இல்லீங்க மாமா" என்றேன். "எனக்கு எதுவும் இல்லீங்க. நான் வேணும்னு செஞ்சது. இந்த எடத்துல நின்னது நிழலுக்காக."

"இத்தனை பெரிய தோட்டத்துல நெழலுக்கு இங்க வரோணும்னு ஏனுங்க தோணுச்சு?" என்றார் மாமனார்.

"இங்கதான மரம் இருக்குது?"

"மரம் ஏனுங்க இங்க இருக்குது? அடியில தண்ணி இருக்கறதுனாலதான?"

யோசித்தால், அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பேசப்பட்டதிலேயே அதுதான் கொஞ்சம் விஞ்ஞானமாக இருந்தது.

"எங்க வேணும்னாலும் இந்தக் காயை நிக்க வெப்பேன் மாமா. காங்கிரீட் ரோட்டுமேல நிக்க வெப்பேன். எங்க ஊட்டு மாடியில நிக்க வெச்சிருக்கேன்."

"மாடியிலயேவா?" என்றார் மாமனார், மேலும் மரியாதையோடு.

ரிக் மேனேஜர் அதற்குள் மரத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டார். "இந்த எடம் தோதுங்க. மரத்துக்கு இந்தப்பக்கமா வண்டி நேரா ரிவர்ஸ்ல வந்து நிக்கும். மேலயும் கம்பி இல்ல. சார் பாத்த பாயிண்ட்டே போட்டறலாமுங்க."

"மாப்பிள்ளை வாக்கு" என்றார் மாமனார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அவர் சொல்வதை எல்லோரும் நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, செய்ய நினைத்ததைச் செய்வார்கள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் நான் சொல்லி நடந்தது எதுவுமில்லை. முதன்முதலாக நான் சொல்லாத ஒன்று என் பேச்சாக நடக்கப்போகிறது.

பாயிண்ட் பார்த்தவர்தான் கற்பூரம் காட்ட வேண்டுமாம். காட்டினேன்.

வண்டி பின்னால் வந்து நின்றது. கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. மாடுகளை அவிழ்த்துத் தூரத்தில் கட்டினார்கள். மேல் மண் போனது, பிறகு சுக்கான் கல், பிறகு பாறை. வெள்ளைப் புழுதி எழும்பி மரத்தையும் காரையும் எங்களையும் மூடியது. ஒரு ராடு இறங்கி முடிந்ததும் அடுத்த ராடு மாட்டினார்கள். புழுதி. அடுத்தது. புழுதி.

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. பொன்னுசாமி சொன்ன இடத்தில் தண்ணீர் வராவிட்டால் அது பொன்னுசாமியின் தோல்வி. இங்கே வராவிட்டால் கவிதாவின் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பியவன் நான். நிழலில் நின்று பேசியதற்காக.

பொன்னுசாமி தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது பொறுப்பு எதுவும் இல்லை. அதையும் நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கவிதா புழுதி படிந்த முகத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, வருமாங்க?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. நான் சொன்னதெல்லாம் நெசம். அந்தக் காயை நாந்தான் நிக்க வெச்சேன்."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா."

"தெரியுமா?"

"உங்க விரல் அசைஞ்சுதுங்களே. அவரு விரலும்தான் அசைஞ்சுது."

"அப்ப ஏம்மா அங்க சொல்லல?"

"சொல்லி? எங்கயாச்சும் ஒரு எடத்துல ஓட்டையப் போட்டுத்தான ஆகோணும். ஆரோ ஒருத்தரு கையக் காட்டோணும். நான் காட்டித் தண்ணி வல்லைன்னா காலம்பூரா எம்மேல பழி. உங்களையெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீங்க மாப்பிள்ளை." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த எடம் எனக்கும் தோதுதானுங்க. கட்டுத்தரைக்குப் பக்கம். கொடம் சொமக்க வேண்டாம்."

மாடி வகுப்புக்கு இவள் வந்திருந்தால் வித்தைக்காரர் தொழிலைவிட்டே போயிருப்பார்.

பொழுது சாயத் தொடங்கியது. இன்னொரு ராடு. மேனேஜர் அடிக்கடி வந்து புழுதியைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மாமனார் முகத்தில் களை போய்விட்டது. மேகலா எந்தச் சாமிக்கோ நேர்ந்துகொண்டிருந்தாள். நான் எதற்கும் நேர்ந்துகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான். செருப்புக்குள் புழுதி போயிருந்தது.

பிறகு புழுதியின் நிறம் மாறியது. வெள்ளை சாம்பலானது. மேனேஜர் அள்ளிப் பார்த்தார், கையில் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. குழாய் வாயிலிருந்து சேறு தெறித்தது. அதன் பின்னால் தண்ணீர் வேப்பமரத்தின் உச்சிக்குப் பீறிட்டு, எங்கள் எல்லோர்மேலும் கொட்டியது.

கவிதா அதிலேயே நின்றாள். சேற்றுத் தண்ணீர் தலையிலிருந்து வழிந்தது. அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நனைந்திருந்தாள். அதற்காகத்தான் நகராமல் நின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். மாடுகள் தூரத்திலிருந்தே கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின.

மாமனார் என் காலில் விழ வந்தார். நான் குதித்து விலகியதில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன். நீரோட்டம் இன்னும் மாப்பிள்ளை உடம்பில் இருக்கிறது, அதனால்தான் கால் நிற்கவில்லை என்றார் பொன்னுசாமி.

"இவரை நான் கண்டுபிடிச்சேன் பாருங்க" என்றும் சொன்னார். மாமனார் அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார். தண்ணீரைக் கண்டுபிடிக்காவிட்டாலும் தண்ணீரைக் கண்டுபிடிப்பவனைக் கண்டுபிடித்ததற்காக.

திரும்பும்போது காரில் பொன்னுசாமியிடம் கேட்டுவிட்டேன்.

"நான் உங்ககிட்டச் சொன்னதைத்தான நீங்க அங்க சொன்னீங்க?"

"ஆமாங்க சார்" என்றார், கொஞ்சமும் தயங்காமல். "நீங்க சொன்னது அத்தனையும் நல்ல விசயம். ஆனா அதை நீங்க சொன்னா அவங்க கேப்பாங்களா?"

வெண்ணந்தூர் வரைக்கும் யோசித்தேன். கேட்கமாட்டார்கள்.

"அதுக்குத்தானுங்க தேங்காய்" என்றார்.

மறுநாள் மேகலா வந்தாள். சாப்பாடு போடும்போது வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. நான் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். காரில் பேசியதைக்கூடச் சொன்னேன். நிலத்தின் சரிவு, பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீர், அந்த மரத்தடியில் யார் போட்டாலும் வருவதற்கு இருந்த வாய்ப்பு என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன்.

"சரிங்க" என்றாள். "சக்தி இருக்கறவங்க இருக்குதுன்னு ஒத்துக்க மாட்டாங்கன்னு அப்பாவும் சொன்னாரு."

அவளுடைய பெரியம்மா மகனுக்கு ராசிபுரம் பக்கத்தில் தோட்டம். இரண்டு போர் பொய்த்துவிட்டதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புகிறார்கள்.

கவிதாவும் போன் செய்தாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. "போயிட்டு வாங்கண்ணா. போயி நல்லா வெளக்கமாச் சொல்லிட்டு வாங்க" என்றாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

நான் போவது உண்மையை விளக்குவதற்காக மட்டும்தான். தேங்காயை நானே எடுத்துப் போகிறேன். அடுத்தவர் கொடுக்கும் காயை எப்படி நம்புவது?